வரிசையும் விற்பனைக்கு வந்துவிட்டது

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2024 அக்டோபரில் ‘லைட்னிங் லேன் பிரீமியர் பாஸ்’ அறிமுகமானது. மேஜிக் கிங்டம் பூங்காவில் அப்போது அதன் உச்ச விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 449 டாலராக இருந்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 38,000 ரூபாய். நுழைவுக் கட்டணம் தனி. பெயர்பெற்ற ராட்டினங்கள் ஒவ்வொன்றிலும் ஒருமுறை, நிற்பவர்களைத் தாண்டிப்போய் உடனே ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் அவ்வளவு பணத்துக்கும் கிடைப்பது.

பொழுதுபோக்குப் பூங்காத் தொழிலின் புதுமை என்றால் பத்தாண்டுகளுக்கு முன் எல்லோரும் மெய்நிகர் காட்சி காட்டும் விஆர் கண்ணாடியைத்தான் காட்டினார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் 2016இல் ‘கேலக்டிகா’ ரோலர் கோஸ்டரில் அதை மாட்டிவிட்டது. ஒவ்வொருவர் தலையிலும் மாட்டி, இறுக்கி, கழற்றி, துடைத்து வைப்பதற்குள் கூட்டம் தேங்கியது; சில ஆண்டுகளிலேயே கண்ணாடியைக் கைவிட்டார்கள். நிலைத்து நின்று லாபம் கொழிப்பது கைப்பேசிச் செயலிதான். அது விற்கும் சரக்கு, வரிசையில் ஓர் இடம்.

டிஸ்னிலேண்டில் முன்பு ராட்டினத்தின் தரத்துக்கேற்ப சீட்டுப் புத்தகம் வாங்கவேண்டும். 1982இல் அந்த முறை ஒழிந்து, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றானது. 1999இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ வந்தது. நுழைவுச்சீட்டை இயந்திரத்தில் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரவேண்டும் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வெளியே வரும். காசு கிடையாது. 2021இல் அதை ஒழித்துவிட்டு, ஃபுளோரிடாவில் 15 டாலரில் தொடங்கிய ‘ஜீனி பிளஸ்’ஸைக் கொண்டுவந்தார்கள். சில ராட்டினங்களுக்குத் தனித்தனியே விலை வைத்தார்கள். சீட்டுப் புத்தகம் செயலிக்குள் புகுந்து திரும்பிவிட்டது, நுழைவுக் கட்டணத்துக்கு மேல்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு 1,200 பேரை ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வரிசையில் 600 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு அரை மணி நேரத்தில் முறை வரும். மணிக்கு 800 இருக்கைகளைக் காசு கொடுத்தவர்களுக்கு ஒதுக்கினால், அதே 600 பேருக்கு மிஞ்சுவது 400 இருக்கைகள். காத்திருப்பு ஒன்றரை மணி நேரமாகிவிடும். ராட்டினத்தில் ஓர் இருக்கைகூடக் கூடவில்லை. ஒருவர் மிச்சம் பிடிக்கும் நேரத்தை இன்னொருவர் வெயிலில் நின்று கட்டுகிறார். பணமோ நிர்வாகத்துக்குப் போகிறது.

இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் ஓர் ஊழியர் நிற்பார். கட்டண வழியில் வருபவர் கைப்பட்டையைக் கம்பத்தில் தொட, பச்சை விளக்கு எரிய, உள்ளே போய்விடுவார். பக்கத்துக் கம்பித் தடுப்பில் சாய்ந்தபடி பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஊழியர்மீது கோபப்பட்டுப் பயனில்லை; எந்த வரிசையிலிருந்து எத்தனை பேரை விடவேண்டும் என்ற விகிதம் அவர் முடிவுசெய்ததல்ல.

இதைவிட மோசமானது வேறொன்று. பொது வரிசை சீக்கிரம் நகர்ந்தால் விரைவுச் சீட்டை யார் வாங்குவார்? வரிசை நீள நீளத்தான் அது விலைபோகும். கூட்டத்தைக் குறைக்கவேண்டிய நிர்வாகத்துக்கே கூட்டம் வருமானமாகிவிட்டால், ரோலர் கோஸ்டரில் இன்னொரு ரயிலை ஓட்டவும் கூடுதல் ஆளைப் போடவும் அதற்கு என்ன அவசரம்?

ராட்டினங்களுக்குப் பெரும் முதலீடு வேண்டும், விரும்புகிறவர் கொடுக்கிறார் என்பது நிறுவனங்களின் வாதம். முதலீட்டைக் காட்டி நுழைவுக் கட்டணத்தை உயர்த்தட்டும். வெளிப்படையான விலையை ஏற்பதும் மறுப்பதும் வருகிறவர் விருப்பம். ஜெர்மனியின் யூரோப்பா பார்க் தன் செயலியில் சில ராட்டினங்களுக்கு முன்பதிவு நேரத்தை இலவசமாகவே தருகிறது. ஆக, தொழில்நுட்பத்தின்மேல் பழிபோட வழியில்லை.

காசுக்குத் தனி வரிசை நமக்கு ஒன்றும் அதிசயமல்ல. திருச்செந்தூரில் சிறப்புக் கட்டண தரிசனத்தில் போகாதவர் யார்? அதனாலேயே பூங்காவிலும் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் கோயிலில் பொது தரிசனத்துக்கு நிற்பவர் காசு எதுவும் கட்டுவதில்லை. பூங்காவில் நிற்பவர் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு நிற்கிறார்.

திருப்போரூர் அருகே 600 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் அமைந்த வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்நிறுவனம் தன் பூங்காக்களில் ‘ஃபாஸ்ட் டிராக்’ சீட்டுகளை விற்றுவருகிறது. திருப்போரூர்ப் பூங்காவுக்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்திருக்கிறது. சுற்றுலா வளரச் சலுகை தருவதில் தவறில்லை. மக்கள் வரியை விட்டுக்கொடுக்கும்போது மக்களுக்காக நிபந்தனை விதிக்கும் உரிமையும் அரசுக்கு உண்டு.

வரிச்சலுகை பெறும் எல்லாப் பூங்காக்களும் ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும், மணிக்கு எத்தனை இருக்கைகள், அவற்றில் எத்தனை விரைவுச் சீட்டுக்குப் போகின்றன என்று தமிழில் எழுதி வைக்கவேண்டும். அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் பெருமளவில் வரும் நாட்களில் விரைவுச் சீட்டு விற்பனையே கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனி வழி கட்டணமின்றி இருக்கவேண்டும். அடுத்த வரிச்சலுகை ஆணை வெளியாகும் முன்பே சுற்றுலாத் துறை இவற்றை விதிகளாக அறிவிக்கவேண்டும்.