விளக்கை அணைத்தால் வருத்தம் மாறுமா?

எம்மில் ஒருவரின் வீட்டில் 2021 இல் ஒரு கார் வாங்கினார்கள். சின்ன ஜப்பான் கார், ஏற்கெனவே ஒருவர் ஓடியது. வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். விலை கேட்டால் தலை சுற்றும். அம்மாவின் நகையில் பாதியும் லீசிங்கும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். "டபுள் எயார்பேக் தம்பி, ஏபிஎஸ் இருக்கு, ஒரு லைட்டும் எரியாது, நீங்களே பாருங்கோ" என்று விற்றவர் சாவியைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து ஒழுங்காக அணைந்தன.

இரண்டு வருடம் கழித்து ஹோர்ன் அடிக்கவில்லை. கராஜில் ஸ்டியரிங்கின் நடு மூடியைக் கழற்றினால், உள்ளே எயார்பேக் இருக்கவேண்டிய இடம் வெறுமை. அதற்குப் போகும் இரண்டு வயருக்கும் நடுவில், கறுப்பு ரேப் சுற்றி ஒரு சின்ன ரெசிஸ்டர். எங்களுக்குக் கை நடுங்கியது. மெக்கானிக் அண்ணைக்கு ஒன்றும் நடுங்கவில்லை. "எங்கையோ அடிபட்டு வந்த வண்டி தம்பி. பை வெடிச்சிருக்கும். புதுசு போடச் சிலவு. லைட் எரிஞ்சா ஆக்கள் வாங்க மாட்டினம். அதுதான் இப்பிடிச் செய்து விடுறது."

அந்த வீட்டுக்காரர் இரண்டு வருடமாக ஏ9 வீதியில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

ரெசிஸ்டர் என்ன செய்கிறது? எயார்பேக்கின் கணினி, சாவி திருப்பியதும் ஒவ்வொரு பையின் வயரிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்கும். சரியான மின்தடை தெரிந்தால் "இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடும். அதே அளவு மின்தடையுள்ள ஒரு துண்டை அந்த இடத்தில் மாட்டினால் கணினி ஏமாந்துவிடும். சந்தைச் சாமான் அளவு காசுக்கு ஒரு பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு குடும்பம் ஏறுகிறது.

இதை ஒரு வியாபாரியின் களவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. எங்கள் சமூகத்துக்கே எச்சரிக்கை விளக்கு ஒரு தொல்லை. அது எரிந்தால் என்ன பழுது என்று கேட்பதில்லை. எப்படி அணைப்பது என்றுதான் கேட்கிறோம். காய்ச்சல் காட்டும் தெர்மோமீற்றரை உடைத்துவிட்டுப் பிள்ளைக்கு வருத்தம் மாறிவிட்டது என்று சொல்வது போன்றது இது. சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறதா, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிடுவோம். பெல்ட்டே தேவையில்லாமல் அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்தும் ஒரு கொளுக்கி கடைகளில் விற்கிறது. வாங்குகிறோம். பொலிஸைக் கண்டால் மட்டும் பெல்ட்டை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்கிறோம்.

சரி, எயார்பேக் என்பது என்ன? மோதல் நடந்தவுடன் ஒரு உணரி சொல்ல, இன்ஃப்ளேட்டர் என்ற சின்ன உலோகக் குப்பிக்குள் இரசாயனம் எரிந்து வாயு பிறக்கிறது. கண் ஒருமுறை இமைத்து முடியுமுன் பை விரிந்து, உங்கள் தலை வந்து சேர்ந்ததும் பின்புறத் துளைகளால் காற்றை விட்டுச் சுருங்குகிறது. பஞ்சுத் தலையணை அல்ல அது. கட்டுப்படுத்திய ஒரு வெடிப்பு. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கில் 1987 முதல் 2017 வரை முன்பக்க எயார்பேக்குகள் அங்கே 50,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் ஸ்டியரிங்கில் எழுதியிருக்கும் எஸ்ஆர்எஸ் என்பதில் முதல் எழுத்துக்குத் 'துணை' என்று பொருள். எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. பெல்ட் இல்லாமல் முன்னே எறியப்படும் உடல், பை விரியும் நேரத்திலேயே அதன் மேல் போய் விழும். காப்பாற்ற வந்ததே அடிக்கும்.

அந்தக் காரில் இன்னொரு விசயமும் நடந்தது. முன் ஆசனத்தில் அம்மம்மா, அவர் மடியில் நாலு வயதுப் பேரப்பிள்ளை. நல்லூருக்குப் போனாலும் அப்படித்தான், கலியாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். "நான் பிடிச்சிருக்கிறன்தானே" என்பார். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்திருக்க முடியாது. அந்தப் பக்கப் பை நிஜமாகவே இருந்து விரிந்திருந்தால், டாஷ்போர்டுக்குக் கிட்ட இருக்கும் அந்தச் சின்னத் தலையில்தான் முதலில் அறைந்திருக்கும். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பின் ஆசனம்தான். பின்னோக்கிய குழந்தை இருக்கையை எயார்பேக் உள்ள முன் ஆசனத்தில் வைக்கவே கூடாது. ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் ஆகக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். டாஷ்போர்டின் இடப்பக்கத்தில் ஒட்டிவைத்த பிள்ளையாரும் மாதாவும், பை விரியும்போது மூடியோடு சேர்ந்து பறந்து வருவார்கள். சுவாமியை வேறு இடத்தில் வையுங்கோ. கோபிக்கமாட்டார்.

பை இல்லாதது ஒரு ஆபத்து என்றால், பழைய பை இருப்பதும் சில கார்களில் ஆபத்து. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தன் இன்ஃப்ளேட்டர்களுக்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கான வெக்கையும் ஈரப்பதனும் அதைக் கெடுத்துவிடும். கெட்டது, விரியும் நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் குப்பியைச் சிதறடித்து ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் எறியும். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேசியாவிலும் இறந்தார்கள். பல நிறுவனங்களின் கார்களிலிருந்து, உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கும் அதிகமான இன்ஃப்ளேட்டர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. தகாட்டா 2017 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதே வருடம் வங்குரோத்தானது.

வெக்கையும் ஈரப்பதனும் என்று வாசித்ததும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வந்தது? அமெரிக்காவில் புளோரிடா மாதிரியான சூடான, ஈரமான இடங்களைத்தான் முதலில் கவனித்தார்கள். எங்களுக்கோ வருடம் முழுக்க அந்தக் காலநிலைதான். அதோடு 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்கள் இன்னும் பழசாகி, கை மாறி மாறி ஓடின. திருப்பி அழைக்கும் கடிதம் ஜப்பானில் இருக்கும் முதல் சொந்தக்காரருக்குப் போகும். நாலாவது சொந்தக்காரராகச் சாவகச்சேரியில் இருப்பவருக்கு யார் எழுதுவார்கள்? நாமே தேடவேண்டும். டொயோட்டா, ஹொண்டா, நிசான் போன்றவற்றின் ஜப்பானியத் தளங்களில் சசி நம்பரைப் போட்டால், அந்தக் காருக்குத் திருப்பி அழைப்பு உண்டா என்று காட்டும். பிறகு இங்குள்ள முகவரிடம் போய்க் கேட்கலாம்.

இனி மொழி. ரீகண்டிஷன் காரில் ஏறியவர்களுக்குத் தெரியும், சாவி திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். நாங்கள் சிரித்துக்கொண்டு "சரி அக்கா" என்போம். திரையில் வரும் எழுத்தும், கையுறைப் பெட்டிக்குள் கிடக்கும் கையேடும் ஜப்பானிய மொழியில்தான். அது கார்ட் போடச் சொல்கிறதா, பிரேக்கில் பிழை என்கிறதா, தெரியாது. 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் படம் எடுத்துப் போட்டுக் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கையைத் தெரியாத மொழியில் வாங்கிக்கொண்டு, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்புத் தாருங்கள் என்று எந்த விற்பனையாளரிடமாவது கேட்டிருக்கிறோமா?

லேனர்ஸ் வகுப்பில் ரிவர்ஸ் எடுக்கப் பழக்கினார்கள், வீதிக் குறியீடுகளைப் பாடமாக்கினோம். டாஷ்போர்டுக்கு எங்கள் யாருக்கும் ஒரு மணித்தியாலமும் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரிந்த ஒரே முள் எரிபொருள் முள்தான். அதையும் 2022 இல் வரிசையில் நின்றுதான் படித்தோம். மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நிறத்தைப் பாருங்கோ. சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்து. மஞ்சள் என்றால் கெதியாய்க் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். சிவப்பு எண்ணெய்க் குடுவை எண்ணெயின் அளவைச் சொல்வதல்ல, அழுத்தம் போய்விட்டது என்று சொல்வது. எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்தாவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு தேயும். வெப்பநிலைக்குப் பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிராக இருக்கையில் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்தச் சிவப்போடு கடுகண்ணாவை ஏற்றத்தில் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓடக்கூடாது, கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கவும் கூடாது. பற்றரி விளக்கு ஓடும்போது எரிந்தால் பெரும்பாலும் பற்றரியை ஏற்றும் ஒல்ரனேற்றர் பக்கம்தான் பிழை. சிவப்பு பிரேக் விளக்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். மஞ்சள் ஏபிஎஸ் எரிந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் மழை வீதியில் சில்லு இறுகிச் சறுக்கலாம். எஞ்சின் விளக்கு சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து நேரே கராஜுக்குப் போகவேண்டும்.

எயார்பேக் விளக்கு, ஒரு ஆள் இருந்து முன்னே வட்டம் ஒன்று இருக்கும் படம். சாவியை ஓன் நிலைக்குத் திருப்பியதும் எரிந்து, சில செக்கன்களில் அணையவேண்டும். அணையாவிட்டால் பிழை, மோதினால் பை விரியாமல் போகலாம். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கில் கை வைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் போட்டிருந்தால் விளக்கும் பொய் சொல்லும், ஸ்கேனரும் பொய் சொல்லும். ஆகவே கார் வாங்குமுன் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் ஸ்டியரிங் மூடியையும் டாஷ்போர்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கோ. விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

"காசில்லாத சனம் என்ன செய்யும்? புது எயார்பேக் என்ன விலை தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். பை மாற்றக் காசில்லை என்பதை நாம் ஒருநாளும் குற்றமாகச் சொல்லமாட்டோம். விளக்கை எரியவிடுங்கோ. "இந்தக் காரில் பை இல்லை" என்று சொல்லி, விலையைக் குறைத்து வில்லுங்கோ. தெரிந்தவர் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவார், ஆறுதலாக ஓடுவார். தெரியாதவர் இல்லாத பையை நம்பி ஓடுவார்.

அரசாங்கம் 2018 இல் எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத கார்களை இறக்கமுடியாது என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் அது துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. கார் இங்கே அடிபட்டு, பை வெடித்து, கராஜில் மூடி ஒட்டி வெளியே வரும்போது யாரும் பார்ப்பதில்லை. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஒவ்வொரு காரும் புகைப் பரிசோதனைக்குப் போகிறது. அங்கேயே சாவியைத் திருப்பி எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்று பத்திரத்தில் எழுத ஒரு நிமிசம் போதும். அடிபட்ட காருக்கு காப்புறுதிப் பணம் கொடுக்கும்போது பை மாற்றிய பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்கட்டும். பையை எடுத்துவிட்டு மறைத்து விற்பது தண்டனைக்குரியது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லட்டும். சாரதிப் பரீட்சையில் டாஷ்போர்டுக்கும் கேள்வி வரட்டும், தமிழிலும் சிங்களத்திலும்.

எங்களிடம் கார் இல்லையே என்று விடவேண்டாம். மச்சானின் கலியாணக் காரிலும், இரவில் பிடிக்கும் ஹயரிலும், கொழும்பு வானிலும் ஏறுகிறவர்கள் நாம்தான். அடுத்த தடவை முன் ஆசனத்தில் ஏறினால் ஓட்டுபவர் சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கைப் பாருங்கோ. மடியில் பிள்ளை இருந்தால் பின்னுக்கு அனுப்புங்கோ. விளக்கு எரிந்தபடியே இருந்தால், "அண்ணை, இது ஏன் எரியுது?" என்று கேளுங்கோ. "அது சும்மா தம்பி" என்று அவர் சொன்னால், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கோ.