வேலிக்கு வெளியே நிற்பதா?

சோழவரம்! சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட தளம். போர் ஓய்ந்தது, தளம் கிடந்தது. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கிற்று. கார் ஓட்டியவர் யார்? கோமகன்களும் ஆலை அதிபர் வீட்டுச் செல்வர்களும். சுற்றி நின்று கைதட்டியவர் யார்? ஆயிரக்கணக்கில் திரண்ட பாமரர்!

"சீமான் விளையாட்டு நமக்கெதற்கு?" என்று உசிலம்பட்டித் தோழர் சிலர் கேட்கின்றனர். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 நாட்களில் கழக ஆட்சி சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்தியபோது எதிர்முகாமும் இதையேதான் கேட்டது. நாம் கேட்பது வேறு. ஓட்டியவன் பெயர் ஏட்டிலே வருகிறது. வண்டியை ஓட வைத்தவன் பெயர் எங்கே?

பந்தயம் ஒருவன் வீரம் மட்டுமா, தோழர்களே? டயரில் காற்று மிகுந்தால் வளைவிலே பிடிப்புப் போகும். ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்ல வேண்டும். தேனி சாலைப் பட்டறைகளிலே கரி படிந்த கையோடு நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பிழைப்பு! லாரி தெருமுனை திரும்பும்போதே, கோளாறு எங்கே என்று காதால் கண்டுவிடுகிற கெட்டிக்காரர்கள் அவர்கள்.

கோவை கரிவர்தன் செல்வர் வீட்டுப் பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால், ஊரெங்கும் ஓடிய மாருதி காரின் என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து காட்டினார். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த திடல் அவர் பெயரைத் தாங்குகிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். லேத்தும் வார்ப்படமும் அறிந்த ஊரல்லவா!

சோழவரத்தை விட்டுச் சென்ற கிளப், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல் கட்டி 1990-ல் திறந்தது, நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. பிறகு அதே ஊரில் ஹூண்டாய் ஆலை எழுந்தது. கார் செய்யும் கரங்கள் ஒரு பக்கம், கார் பறக்கும் திடல் மறுபக்கம். நடுவே வேலி!

அரசுப் பணம் ஒரு ரூபாய் செலவாகும் பந்தயமானாலும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு வண்டி பழுது பார்க்கும் கொட்டகையில் இடம் வேண்டும். பயணப்படியும் உதவித்தொகையும் வேண்டும். எந்த ஆட்சியானாலும் இதை நிபந்தனையாக்கட்டும். ஒன்றியக் கழகங்கள் தீர்மானம் போட்டு அனுப்புக. பட்டறைப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை உசிலையிலிருந்து நாமே முதலில் திரட்டித் தருகிறோம்.