பிள்ளை வரும் பின்னே, கடன் வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நடுத்தரக் குடும்பம் ஒன்றில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால், இக்காலத்தில் முன்னே வருவது மணியோசை அன்று, கடன்தான். வளைகாப்புக்குக் கல்யாண மண்டபம், படம் பிடிப்பவர், நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு; பிறகு தொட்டில், மெத்தை, தள்ளுவண்டி, பொம்மைகள். இவ்வளவும் ஆன பிறகு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டிய நாளன்று பெட்டியைத் திறந்தால், அதில் அடகுச் சீட்டு மட்டுமே இருக்கிறது.

இந்தச் சுமை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? முதற் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பெண்ணின் கல்யாணக் கடனையே அடைத்து முடிக்காத தகப்பனார், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, மறுபடியும் கை நீட்டிக் கடன் வாங்குகிறார். “எளிமையாக நடத்துவோம்” என்று அவர் வாயால் சொல்ல முடியாது; சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். அதே வார்த்தையைப் பிள்ளையைப் பெற்ற சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டால் அது பெருந்தன்மை! ஆகையால், சிக்கனத்தைப் பற்றிய இக்கட்டுரையின் முதல் வேண்டுகோள் மாப்பிள்ளை வீட்டாருக்கே. வளையல் அடுக்க வீட்டுக் கூடம் போதும். வாழ்த்துவதற்கு நெருங்கிய சுமங்கலிகள் போதும். மண்டப வாடகையை மருமகளின் பெயரில் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பிரசவத்தின் போதும், அதற்குப் பின்னும் அது உதவும்.

இனி, பிறக்கும் குழந்தைக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று பார்ப்போம். பிறந்தபோது மூன்று கிலோ இருக்கும் குழந்தை, ஏறக்குறைய ஐந்து மாதத்தில் இருமடங்கு எடையாகிறது. ஒரு வயதில் மும்மடங்காகிறது. அளவெடுத்தாற்போல் வாங்கிய பட்டுச் சட்டை இரண்டாம் முறை போடுவதற்குள் கழுத்தைப் பிடிக்கிறது. புதுக் குழந்தைக்குப் பழைய துணியைத் தேடிப் போர்த்திய நம் பாட்டிமார்கள் விஷயம் தெரிந்தவர்கள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்தால் பன்னிரண்டு இடுப்புத் துணிகள் தேறும். வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்தால் அதுவே சிறந்த சீதனம். பகலில் துணியும், இரவிலும் பயணத்திலும் மட்டும் கடை டயப்பரும் என்று வைத்துக்கொண்டால் செலவு பெருமளவு குறையும். அக்காள் குழந்தையின் சட்டையை வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

வாங்காமல் இருப்பதே நன்மை என்னும்படியான பொருள்களும் உண்டு. பஞ்சுத் தலையணை, திண்டு, பொம்மைகள் எல்லாம் சேர்ந்த படுக்கைத் தொகுதி பார்வைக்கு அழகுதான். ஆனால் கைக்குழந்தையைச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மூச்சை அடைக்கக்கூடிய மெத்தென்ற பொருள் எதுவும் அருகில் கூடாது என்பது குழந்தை வைத்தியர்களின் எச்சரிக்கை. குழந்தையை உள்ளே உட்கார்த்திச் சக்கரத்தில் ஓடவிடும் ‘வாக்கர்’ என்னும் சாதனத்தை, அதனால் நேர்ந்த விபத்துகளைக் கண்டு, கனடா நாடு 2004-ஆம் ஆண்டில் தடையே செய்துவிட்டது. எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தை பிடித்துத் தள்ளிச் செல்லும் நம்மூர் மர நடைவண்டி வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பால் டப்பாவின் கதை தனி. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் தடுத்திருக்கிறது. பால் போதாத தாய்மார்கள் டாக்டரைக் கேட்டு நடக்கட்டும். கடைக்காரரைக் கேட்க வேண்டாம்.

தேவையானவை எவை என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. பின்லாந்து தேசத்தில் 1938-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மார்களுக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அரசாங்கம் ஒரு பெட்டி வழங்கி வந்திருக்கிறது. உள்ளே துணிமணிகளும் சிறு மெத்தையும் இருக்கும். காலி செய்த பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை! அதைப் பெற ஒரு நிபந்தனையும் உண்டு: கருவுற்றவள் நான்காம் மாதம் முடிவதற்குள் வைத்திய சோதனைக்குச் சென்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசும் 2015-ஆம் ஆண்டில், அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதினாறு பொருள்கள் கொண்ட பெட்டகம் வழங்கத் தொடங்கியது. அதில் தாய்க்கு லேகியமும் வைத்தார்கள். ஒரு நாட்டின் அரசாங்கம் யோசித்துப் போட்ட பட்டியல் ஒரு பெட்டிக்குள் அடங்கும்போது, நம் வீட்டுப் பட்டியல் ஓர் அறை கொள்ளாமல் நிற்பானேன்?

சிக்கனம் கூடாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அது தாயின் தட்டு. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் அவளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி அதிக உணவு தேவை. கீரை, பருப்பு, முட்டை, பால், பழம் இவற்றில் காசைப் பிடிப்பது சேமிப்பு அன்று. கடனிலும் மோசமான கடன். டாக்டர் சோதனைகளையும், இரும்புச் சத்து மாத்திரைகளையும் அப்படியே தவறவிடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பணம் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவமும், வேண்டியிருந்தால் சத்திர சிகிச்சையும், மருந்தும், ரத்தமும், உணவும் இலவசம். தடுப்பூசிகளும் அவ்வாறே. தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்ல விரும்புவோர், சுகப் பிரசவத்துக்கும் சத்திர சிகிச்சைக்கும் என்ன கட்டணம் என்பதை ஏழாம் மாதத்திலேயே தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம். காப்புறுதிப் பத்திரம் இருந்தால், பிரசவச் செலவுக்கு அதில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கருவுற்ற பிறகு எடுத்த பத்திரம் பெரும்பாலும் அந்தப் பிரசவத்துக்கு உதவாது. உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கு, பத்துப் பேருக்குக் குறையாத நிலையங்களில், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுமுறை தர 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. உரிமையைக் கேட்டுப் பெறுவதும் சிக்கனத்தில் ஒரு பகுதியே.

கடைசியாக ஒரு யோசனை. நல்ல செய்தி தெரிந்த மாதத்திலிருந்தே சம்பளத்தில் ஒரு பங்கை முதல் தேதியன்று எடுத்துத் தனியே வைத்து வாருங்கள். மீதியில் குடித்தனம் நடக்கட்டும். பிறக்கிற குழந்தைக்குப் பட்டுச் சட்டை எது, பழைய வேட்டி எது என்று தெரியாது. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் தாயின் முகம் எப்படி இருக்கிறது என்பது மட்டும், பேசத் தெரியாத அந்தக் குழந்தைக்கும் நன்றாகத் தெரியும்.