டக் டக் சத்தம் நல்லது

பழைய அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பானட்டுக்கு அடியில் கேட்கும் மெல்லிய 'டக் டக்' சத்தத்தை அடியோடு ஒழித்துத் தரச் சொல்லி மெக்கானிக்கை விரட்டாதீர்கள். அந்தச் சத்தம் கேட்பதைவிடக் கேட்காமல் போவதுதான் ஆபத்து என்பது என் கட்சி.

உத்தர்பாராவில் 2014 வரை தயாரான இந்த வண்டி, பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் காம் ஷாஃப்ட் கீழே, வால்வு மேலே, நடுவில் புஷ் ராடும் ராக்கரும். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே, ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் உலோகம் நீளும் அல்லவா? அதற்குத்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். இந்த இடைவெளிக்குப் பிரெஞ்சில் 'ஜெ' என்பார்கள் (உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும்). விளையாட்டுக்கும் அதே சொல்தான். விளையாட இடம் கொடுக்காவிட்டால் வால்வு வேலையும் செய்யாது.

இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுசாக மூடாது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும்போதுதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்காராத எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிவிடும். இன்னொன்று: 2000-ல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் அந்த ஈயம்தான் சீட்டுக்குக் காப்பு. அது இல்லாமல் வேகமாக, பாரத்தோடு ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். இடைவெளி தானாகக் குறையும், சத்தமும் அடங்கும். உரிமையாளரோ வண்டி சுகமாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்!

சத்தம் திடீரென்று அதிகமானால்? அப்போதும் ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. நண்பர் ஒருவரிடம், சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் 'முழு எஞ்சின் வேலை' என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். பென்ஷன்காரர், பாவம், வண்டியை விற்றுவிடவே நினைத்தார். வேறொரு வயதான மெக்கானிக் ராக்கர் கவரைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கருக்கு அடியிலும் ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார். ஐந்தாவதில் சத்தம் நின்றது. அந்த ராக்கரின் முனை குழிந்திருந்தது. குழியின் மேல் தகடு பாலம்போல் நிற்பதால், அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும். ராக்கரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இடைவெளி வைப்பதற்கு ஒன்பது கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யலாம். ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

கோப்பைப் படிக்காமல் உத்தரவு போடும் அதிகாரிகளை நிறையப் பார்த்தவன் நான். அளந்து பார்க்காமல் எஞ்சினைப் பிரிப்பவர்களும் அந்த ஜாதிதான். 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்பதற்கு முன், 'எந்த வால்வு? அளவு என்ன?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.