பழகிய கோழி சாதுவான கோழியா?

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் புதிய காணியில் விரைவில் கைகொடுக்கக் கூடியவை நாலைந்து ஊர்க்கோழிகள். அவற்றுள் எதனை இனத்துக்கு வைப்பது, எதனை விற்பது என்ற கேள்வி எழும்போது, கைக்குள் வரும் கோழியை வைத்துக்கொண்டு வெருண்டோடும் கோழியை விற்கவே எம்மில் பலர் விரும்புவோம். இத்தெரிவு குஞ்சுகளிலும் தொடரும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சுவீடன் நாட்டின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர் ஜென்சன் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளில், மனிதருக்கு அஞ்சாதவற்றை ஒரு வரிசையாகவும் மிகவும் அஞ்சுபவற்றை வேறொரு வரிசையாகவும் தலைமுறைதோறும் தெரிந்து பெருக்கினர். (எமது காடுகளில் திரியும் இலங்கைக் காட்டுக்கோழி வேறோர் இனம்.) 2014இல் வெளியான முடிவின்படி, அஞ்சாத வரிசைக் கோழிகள் உடல் பருத்திருந்தன, அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் பெரியவை. ஆயினும் அவை தமக்குள் சாதுவாகிவிடவில்லை. இருக்கும் கொஞ்சத்துக்குப் போட்டியிட்டபோது, கூடுதலாகக் கொத்தியவை அவையே. கொத்து வாங்கியவை அஞ்சும் கோழிகள்.

மனிதருக்கு அஞ்சாமை வேறு, தன் இனத்தோடு அடங்கியிருத்தல் வேறு என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். குறுணலை ஒரே இடத்தில் கொட்டினால், காலடியில் நிற்கும் கோழியே வயிறு நிரப்பும். ஒதுங்கி நிற்கும் பேடு மெலியும். பின்னர் அதனை "முட்டையிடாத கோழி" என்று கழித்துவிடுவோம். குறை கோழியில் அல்ல, நாம் தீனி வைத்த முறையிலேயே இருக்கலாம்.

எனவே, தீனியை மூன்று நான்கு இடங்களில் பிரித்துத் தூவுவோம். தண்ணீரையும் இரு சட்டிகளில் வைப்போம். இனத்துக்குத் தெரியும்போது பழக்கத்தை மட்டும் பாராமல், அடைகாக்கும் குணம், குஞ்சு காக்கும் திறன், நோய் தாங்கும் வலு ஆகியவற்றையும் பார்ப்போம். மற்றக் கோழிகளை ஓயாது கொத்தித் துரத்தும் சேவல் எவ்வளவு பழகியதாயினும் இனத்துக்கு வேண்டாம். திறந்த வளவில் பருந்தும் கீரியும் வரும். அங்கே விழிப்புள்ள தாய்க்கோழியும் எமக்குத் தேவை.

பழகிய கோழி நல்லதே. ஆனால் வெருளும் கோழியை விற்குமுன், அதற்கும் வயிறாரத் தீனி கிடைத்ததா என்று ஒருமுறை பார்ப்போம்.