புலிக்கதை போதும்



பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது 1903 பிப்ரவரி 12 அன்று. அதற்கு முந்தின ஆண்டு வெள்ளாளன்விளைக்காரரான அசரியா யாழ்ப்பாணம் போயிருந்தார். அப்போது அவர் ஒய்.எம்.சி.ஏ. செயலர், முப்பது வயதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தங்களுக்குள் காசு சேர்த்து, கடல் தாண்டி நம் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்று எல்லாவற்றையும் சீமைக் காசில் பெற்றுக்கொண்ட திருநெல்வேலி, சொந்தக் காசில் ஓர் ஆளையாவது வெளியே அனுப்பியிருக்கிறதா என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார்; அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சங்கம்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் ஆட்கள் வெளியே போனதுண்டு. 1854 முதல் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி உபதேசியார்கள் போனார்கள். அப்போது தோட்டத்துக்குப் போன சனம் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துபோகும். வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்தில் விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டு, பகலெல்லாம் வேலை. உபதேசியார் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதென்றால் பொழுது சாய வேண்டும். மலைக்குளிரில், மேல்வலியோடு தூங்கத் துடிக்கும் சனத்திடம் என்னதான் பேசியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அந்த வேலைக்கான காசை இங்கிலாந்து மிஷனும் தோட்டத் துரைமார்களும் கொடுத்தார்கள்.

1903இல் தொடங்கிய சங்கத்துக்கு நம் வீட்டு அடுப்படியிலிருந்தும் காசு வந்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஒரு வேளைக் கஞ்சிக்கே யோசிக்கிற வீட்டிலும் அந்தக் கலயம் இருந்தது. இன்று அது காணிக்கைக் கவராகவும் கூகுள் பே ஆகவும் மாறிவிட்டது. சௌகரியம்தான், குறை சொல்லவில்லை.

அந்தக் காசில் முதலில் போனவர் சாமுவேல் பாக்கியநாதன். போன இடம் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல், இன்றைய தெலங்கானா. அங்கே ஆட்சி வேறு, பேச்சு வேறு, நாணயம்கூட வேறு. அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிநாடுதான். 1909இல் அசரியாவே அங்கே குடிபோனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படித்தார்; கூடாரத்தில் தங்கினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே காலமானார்.

இதெல்லாம் உங்களில் பலர் ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. நம் மிஷனெரிக் கூட்டங்களில் பணித்தளத்திலிருந்து வந்தவருக்குப் பத்து நிமிஷம் கொடுப்போம். அவரும் புலி வந்தது, பாம்பு வந்தது, கம்போடு ஆட்கள் வந்தார்கள் என்று சொல்வார். சனம் கண் கலங்கும், காணிக்கைப் பை நிறையும். எனக்கு இந்தப் புலிக்கதைகள் அலுத்துவிட்டன. புலி வருஷத்துக்கு ஒரு நாள் வரும். தண்ணீருக்கோ தினமும் போக வேண்டும்.

ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களிடையே பல வருஷமாக இருக்கும் நம் பக்கத்து அக்கா ஒருவர் எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. மால்தோ திராவிட மொழிகளில் ஒன்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகால் மொழி என்று சொன்னது இதைத்தான். உறவு மொழி என்பதற்காக அது சீக்கிரம் நாவில் வந்துவிடாது என்று அக்கா எழுதியிருக்கிறார். ஊற்று மலைக்குக் கீழே. கோடையில் சுரக்கச் சுரக்கக் கிண்ணத்தால் மொண்டு குடத்தை நிரப்பி, ஏறி வர வேண்டும். மலேரியா மாத்திரை அடுக்களையில் உப்பு ஜாடி பக்கத்திலேயே இருக்கிறதாம். கடுகெண்ணெய்ச் சமையல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவே ஒரு வருஷம் ஆனதாம். செல்போன் உண்டு, ஆனால் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின்மேல். மழைக்காலத்தில் அங்கே ஏற முடியாது. ‘மதினிக்கு ஆப்பரேஷன் ஆனதே எங்களுக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் ஜெபக்குறிப்புகள் தொடங்கிவிடுகின்றன.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கடினம். அந்த மலையில் ஒழுங்கான பள்ளிக்கூடம் இல்லை. ஆறேழு வயதிலேயே பிள்ளையை விடுதிக்கு அனுப்பியாக வேண்டும். நம் டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா இப்படிப்பட்ட மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்ட பள்ளி. 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் டோனாவூரிலேயே கண்மூடும்வரை ஒரு தடவைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பாத ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஊர் அது. அங்கே நல்ல கவனிப்பு உண்டு. ஆனாலும் லீவுக்குக் கூட்டிப்போக வந்த தாயைப் பார்த்து, விருந்தாளியிடம் சொல்வதுபோல ‘வாங்க, உக்காருங்க’ என்று ஒரு சின்னப் பையன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அப்புறம் ஓய்வுக்காலம். அண்ணன் தம்பிகள் வளைகுடா போய் மாடி வீடு கட்டியிருப்பார்கள். முப்பது வருஷம் வடக்கே இருந்தவருக்கு ஊரில் நாலு சென்ட் நிலம்கூட இருக்காது. பாகப்பிரிவினையில் ‘அவனுக்கு எதுக்கு, அவன் ஊழியக்காரன்’ என்று முடித்திருப்பார்கள். மேடையில் சால்வை போர்த்திய சபையில், வாடகைக்கு வீடு தேடித் தருவதற்கு ஆள் இராது.

மதமாற்றம் குறித்து நம் வாசகர்களுக்குப் பல கருத்துகள் உண்டு. அந்த வாதத்துக்கு நான் போகவில்லை. ஒருவரை அனுப்பிவைத்தவர்களுக்கு அவரிடம் இருக்கும் கடமையைப் பற்றித்தான் பேசுகிறேன். 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேராக அசரியா ஒன்றைக் கேட்டார்: உழைப்பும் உடைமையும் தந்தீர்கள், நட்பையும் தாருங்கள் என்று. சபையில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்று அவர்களிடம் கேட்டதை இன்று நம்மிடமும் கேட்கலாம். காசு அனுப்புவதில் திருநெல்வேலி யாருக்கும் இளைத்ததல்ல. அனுப்பியவரோடு உறவு கொண்டாடுவதில்தான் நாம் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மே மாதம் மிஷனெரிகள் பலர் விடுமுறைக்கு ஊர் வருவார்கள். வந்த மறுநாளே அவர்களை மேடையில் ஏற்றாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு என்றால் இன்னும் நல்லது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்டு, தெரிந்த டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். பிள்ளை எந்த விடுதியில் படிக்கிறது என்று விசாரித்து, நடுவில் ஒரு சனிக்கிழமை முதலூர் மஸ்கோத் அல்வாவோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் சேகரம் தாங்கும் மிஷனெரியின் முகவரி உங்கள் குருவானவரான ஐயரவர்களிடம் இருக்கும். இந்த வாரமே வாங்கி ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஊழியத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். ஊர்ச் செய்தி எழுதுங்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்