ஏரிக்கரை விடுதி: திறப்பு நாள் அறிவிப்பை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் புளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாம் தளத்தை ஒட்டிய ஏரிக்கரையில், 900-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட தங்கும் விடுதி 2022-இல் திறக்கப்படும் என்று டிஸ்னி 2018-இல் அறிவித்தது. 2001-இல் மூடப்பட்ட ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா இருந்த இடம் அதற்காக இடித்துத் துப்புரவாக்கப்பட்டது.

2020-இல் கோவிட் பரவி, பூங்காக்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. வருமானம் நின்றதும் விடுதி வேலையும் நின்றது. திறந்திருக்கும் பூங்கா பணம் ஈட்டும். பாதியில் நிற்கும் விடுதியோ செலவு மட்டுமே வைக்கும். நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, லேக்‌ஷோர் லாட்ஜ் என்ற புதுப் பெயரில் 2027-இல் திறக்கப்படும் என்று அறிவித்தனர்.

நமக்கும் இது புதிதல்ல. கெந்திங் மலையில் ஃபாக்ஸ் பெயரில் 2013-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, வழக்கு, சமரசம் எல்லாம் கடந்து, 2022-இல் ஸ்கைவர்ல்ட்ஸ் என்ற பெயரில்தான் திறந்தது.

ஆகவே, இத்தகைய விடுதிகளில் பங்கு வாங்க முன்பணம் கட்டுவோர் விளம்பரத்தில் உள்ள தேதியை மட்டும் பார்க்கக் கூடாது. தாமதமானால் பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.